ராக், மெட்டல் கிட்டார் சோலோவில் உணர்ச்சியும் விரல் திறனும்: ஒரு முழுமையான வழிகாட்டி

கிட்டார் வாசிக்கும் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் ஒரே சுரத்தை இழுத்து நிறுத்தி நெஞ்சைக் கலக்குகிறாரே, வினாடிக்குப் பத்துச் சுரம் வாசிக்கும் இங்வே மால்ம்ஸ்டீனிடம் அது உண்டா என்று ஒருவர் தொடங்குவார். வேகம் கைக்கு வராதவர்கள்தான் உணர்ச்சியின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று இன்னொருவர் பதில் தருவார். மெதுவாக வாசித்தால் உணர்ச்சி, வேகமாக வாசித்தால் திறன் என்ற பாகப்பிரிவினையை இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பதுதான் இந்த வழக்கு முடியாமல் இழுபடுவதற்குக் காரணம்.

ஒரு சோலோவில் (கிட்டார் தனித்து முன்னே வரும் பகுதியில்) நாம் உணர்ச்சி என்று கேட்பதில் பெரும்பகுதி, விரல்கள் மிகத் துல்லியமாகச் செய்யும் சில வேலைகளின் விளைவு. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வளைத்த சுரம் சரியான சுருதியில் போய் நிற்பது, நின்றபின் அது சீராக அசைவது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி) மாறும் நொடியில் பொருத்தமான சுரம் ஒலிப்பது, வாசிக்கக் கூடாத இடத்தில் வாசிக்காமல் இருப்பது ஆகிய அனைத்துமே பயிற்சியால் வருபவை. நான் மூன்று ஆண்டுகள், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நாளுக்கு நாள் ஏற்றி, நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் பதினாறாம் சுரங்களை (அடிக்கு நான்கு சுரம்) வாசிக்கும் நிலைக்கு வந்த பிறகு, ஒரு நாள் என் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். ஓட்டங்கள் ஒழுங்காக இருந்தன. ஆனால் வளைத்த சுரங்களில் ஒன்றுகூடச் சுருதியை எட்டியிருக்கவில்லை. கீழே உள்ள படிகள், அந்தப் பதிவுக்குப் பிறகு நான் என்னைத் திருத்திக்கொண்ட வரிசையில் அமைந்தவை. மைனர் பென்டடோனிக் என்னும் ஐந்து சுர ஸ்கேலை வாசிக்கத் தெரிந்து, எலக்ட்ரிக் கிட்டாரும் மெட்ரோனோமும் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் வைத்திருப்பவர் எவரும் இதைத் தொடங்கலாம்.

முதல் படி: கேட்பதைத் தாளில் எழுதுங்கள்

உணர்ச்சிக்குப் பெயர்போன ஒரு சோலோவையும், வித்தைக்குப் பெயர்போன ஒரு சோலோவையும் தேர்ந்தெடுங்கள். 1979-இல் வந்த 'தி வால்' இசைத்தட்டின் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் கில்மோர் வாசிக்கும் இறுதி சோலோவையும், வான் ஹேலன் குழுவின் 1978-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் எட்டி வான் ஹேலன் வாசித்த 'எரப்ஷன்' என்னும் 1 நிமிடம் 42 வினாடித் துண்டையும் எடுத்துக்கொள்ளலாம். கிட்டாரைக் கையில் எடுக்காமல் ஒவ்வொன்றையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை, கிட்டார் எங்கெல்லாம் மௌனமாக இருக்கிறது என்பதை மட்டும் குறியுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு இசைத்தொடரும் தொடங்கும் சுரத்தையும் முடியும் சுரத்தையும் கவனியுங்கள். மூன்றாம் முறை, நீண்டு ஒலிக்கும் சுரங்களை மட்டும் பின்தொடர்ந்து, வாசிப்பவர் அவற்றை நேராகத் தொட்டாரா, வளைத்து எட்டினாரா, சறுக்கி வந்தாரா என்று எழுதுங்கள்.

கில்மோரின் தாளில் நீண்ட சுரங்களுக்கு எதிரே பெரும்பாலும் 'வளைத்தார்' என்றே வந்திருக்கும்; சுரம் நிலைத்து நின்ற பிறகே அவர் அதை அசைக்கத் தொடங்குகிறார் என்பதும் தெரியும். 'எரப்ஷன்' தாளைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். புகழ்பெற்ற அந்த டேப்பிங் பகுதியில், வலக்கை விரலும் ஃப்ரெட்டில் (கழுத்தின் மெட்டில்) இறங்கி மும்மூன்று சுரக் கார்டுகளைப் பிரித்து உதிர்க்கிறது. அந்தக் கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிச் செல்லும் பாதைதான் கேட்பவரைக் கூடவே இழுத்துச் செல்கிறது. அதில் உணர்ச்சி இல்லை என்று சொல்பவர், குறும்பையும் கொண்டாட்டத்தையும் உணர்ச்சிக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார். சோகம் மட்டுமே உணர்ச்சி என்னும் இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியதோ தெரியவில்லை.

இயன்றால் மூன்றாவதாக ஸ்லேயர் குழுவின் 1986-ஆம் ஆண்டு 'ரெயின் இன் பிளட்' இசைத்தட்டிலிருந்து ஏதேனும் ஒரு சோலோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு இசைத்தட்டே ஏறத்தாழ 29 நிமிடந்தான். கெர்ரி கிங்கும் ஜெஃப் ஹன்னமனும் அதில் எந்த ஸ்கேலுக்கும் கட்டுப்படாமல், சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ கம்பியைப் பிடித்து உலுக்கி, கிட்டாரை அலற விடுகிறார்கள். பாடப்புத்தகக் கணக்கில் அவை மதிப்பெண் வாங்காது. ஆனால் அந்தப் பாட்டுகளின் நடுவே இனிய மெலடி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் பாட்டே சரிந்துவிடும். இதற்கு எதிர்முனையில், மெட்டாலிக்காவின் 1991-ஆம் ஆண்டு 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டின் சோலோவை வாசித்தவர், ஜோ சாட்ரியானியிடம் பாடம் கற்ற முன்னணிக் கிட்டார்க் கலைஞர் கிர்க் ஹாமெட் அல்லர்; வழக்கமாக ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் அடிப்படைத் தொடர்) வாசித்தபடி பாடும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே அதை வாசித்தார்.

இரண்டாம் படி: வாசிக்கும் முன் பாடுங்கள்

பேக்கிங் டிராக் (பின்னணி இசைப்பதிவு) ஒன்றை ஓடவிட்டு, குரலால் ஒரு சோலோவைப் பாடிப் பதிவு செய்யுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'ன ன ன' என்று முணுமுணுத்தாலே போதும். பாடும்போது மூச்சு முடிகிற இடத்தில் தொடரும் முடிந்தே ஆக வேண்டும், உச்சத்தில் உள்ள சுரத்துக்கு உடலின் முயற்சி கூட வேண்டும், தெரியாத சுரத்துக்குத் தாவ முடியாது. இந்த மூன்று கட்டுப்பாடுகளும் கிட்டாரில் இல்லை என்பதால்தான் நம் விரல்கள் பழகிய தடத்திலேயே மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாடியதில் நன்றாக வந்த இரண்டு தொடர்களை மட்டும் எடுத்து, அவை எந்தத் தந்தியில், எந்த ஃப்ரெட்டில் இருக்கின்றன என்று தேடி வாசியுங்கள்.

எதைப் பாடுவது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு நீங்களே ஒரு சூழ்நிலையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஃபங்கடெலிக் குழு 'மேகட் பிரெய்ன்' பாட்டைப் பதிவு செய்தபோது, உன் தாய் இறந்த செய்தி இப்போதுதான் வந்தது என்று எண்ணிக்கொண்டு வாசி என்று ஜார்ஜ் கிளின்டன் தம் கிட்டார்க் கலைஞர் எட்டி ஹேஸலிடம் கூறியதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. விளைவு, 10 நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரு கிட்டார் ஒப்பாரி. பிற வாத்தியங்களின் பெரும்பகுதியைக் கிளின்டன் கலவையில் அடக்கிவிட்டார். 'சோகமாக வாசி' என்பது கையில் எதையும் மாற்றாது. ஒரு குறிப்பிட்ட நிகழ்வு மாற்றும். அதேவேளை, அந்த நிகழ்வை ஒலியாக்கும் விரல்கள் ஹேஸலிடம் முன்பே தயாராக இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு சுரத்தை வளைத்து, சுருதியில் நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூன்றாம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டில் இருப்பது டி சுரம்; அதன் அதிர்வெண் 293.7 ஹெர்ட்ஸ். அதை முழுச் சுர அளவு வளைத்தால் 329.6 ஹெர்ட்ஸில் உள்ள ஈ சுரம் கிடைக்க வேண்டும். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறுவதால், இந்த ஒரு வளைப்புக்கு இழுவிசையை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலோரின் வளைப்பு கீழேயே நின்றுவிடுவதற்குக் காரணம் காது மந்தம் என்பதைவிட, ஒரு விரலை வைத்துக்கொண்டு மூன்று விரல் வேலையைச் செய்ய முயல்வதே. மோதிர விரலால் தந்தியை அழுத்தி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே தந்தியில் பின்னால் துணைக்கு வையுங்கள். கட்டைவிரலைக் கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் பற்றவிட்டு, சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். விரல்கள் தனியாக நீட்டி மடக்கித் தள்ளக் கூடாது.

முதலில் அதே தந்தியின் 9-ஆம் ஃப்ரெட்டை வாசித்து ஈ சுரத்தைக் காதில் பதியவைத்த பின், 7-ஆம் ஃப்ரெட்டுக்கு வந்து அந்தச் சுரம் வரும்வரை வளைத்து நிறுத்துங்கள். ட்யூனரை உடனே பார்க்காமல், இதுதான் என்று காது தீர்மானித்த பிறகு பாருங்கள். காதுக்கு முன் கண் தீர்ப்புச் சொன்னால் காது சோம்பேறியாகிவிடும். இது பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த பிறகு, மெட்ரோனோமை 60-இல் வைத்து, வளைப்பு நான்கு அடி நேரம் மெல்ல ஏறி ஐந்தாவது அடியில் சரியாகச் சுருதியைத் தொடும்படி பழகுங்கள். அடுத்து, ஒலி எழுப்பாமலே தந்தியை வளைத்து வைத்துக்கொண்டு பிக்கால் (தந்தியைத் தட்டும் வில்லையால்) தட்டி, மெல்ல இறக்குங்கள். அழுகை அடங்குவது போன்ற அந்த ஒலி கேட்க எளிது, செய்யக் கடினம், ஏனென்றால் எவ்வளவு வளைத்திருக்கிறோம் என்று தட்டும்வரை காதுக்குத் தெரியாது.

முழுச் சுரமும் அரைச் சுரமும் கைவந்தபின் எந்தச் சுரத்திலிருந்து புறப்படுகிறோம் என்பதில் கவனம் வையுங்கள். மெகாடெத் குழுவின் 1990-ஆம் ஆண்டு 'ரஸ்ட் இன் பீஸ்' இசைத்தட்டில் 'டொர்னேடோ ஆஃப் சோல்ஸ்' பாட்டுக்கு மார்ட்டி ஃப்ரீட்மன் வாசித்த சோலோவைக் கேளுங்கள். மெட்டல் ரசிகர்கள் பலர் அந்த வகையின் ஆகச் சிறந்த சோலோக்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஸ்கேலில் வழக்கமாக யாரும் நிற்காத இடத்திலிருந்து வளைத்து, கார்டின் சுரத்தில் போய்ச் சேருவது ஃப்ரீட்மனின் கையெழுத்து. சேருமிடம் பழகியது, வரும் வழி புதியது என்பதால் வேகத்தின் நடுவிலும் குரல் ஒன்று பேசுவதுபோல் இருக்கிறது.

தந்தி கனமாக இருந்து கை வலித்தால் மெல்லிய தந்திக்கு மாறுங்கள்; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிளாக் சபாத்தின் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதால் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத்தட்டில் சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச் சுரம் இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலிக்குள் அந்த விரல் வலியும் இருக்கிறது.

நான்காம் படி: அசைவு

சுரத்தை அசைக்கும் வைப்ரேட்டோவில் ஆளை அடையாளம் காணலாம். சிறுவயதில் கேட்ட உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு கிட்டார் ஒலி தமக்கு வசப்படாததால், அதை விரலால் பின்பற்ற முயன்றதிலிருந்தே தம் அசைவு பிறந்தது என்று பி.பி. கிங் சொல்லியிருக்கிறார். அது கையைப் பட்டாம்பூச்சிபோல் படபடக்க விடும் அசைவு. மால்ம்ஸ்டீனின் அசைவோ அகன்று, ஓபரா பாடகரின் குரல்போல் ஆடும். கில்மோருடையது நிதானமானது. வேக வித்தைக்காரர் என்று ஒதுக்கப்படும் மால்ம்ஸ்டீனின் ஒற்றைச் சுரங்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவரை எதிர்ப்பவர்கள் அதைச் செய்வதே இல்லை என்பது என் சந்தேகம்.

பயிற்சி எளியது. மெட்ரோனோமை 60-இல் வைத்து, வளைக்காத ஒரு சுரத்தை ஓர் அடிக்கு இரண்டு முறை, பின் மூன்று முறை, பின் நான்கு முறை அசையுங்கள். ஒவ்வொரு அசைவிலும் சுரம் ஏறும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்கிய சுருதிக்கே திரும்பி வர வேண்டும். தந்தியை இழுத்து அசைக்கும்போது சுரம் மேல்நோக்கி மட்டுமே போகும் என்பதால், முழுவதும் திரும்பாத கை சுருதி ஏறிப்போன ஒலியைத் தரும். வளைத்த சுரத்தின் மேல் அசைப்பது இதன் அடுத்த நிலை: அங்கே கை சற்றுத் தளர்ந்து மீண்டும் இலக்கைத் தொட வேண்டும், அதாவது அசைவு கீழ்நோக்கிப் போகிறது. இரண்டையும் ஒரே பயிற்சி என்று நினைத்து நான் வீணாக்கிய மாதங்கள் பல.

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே இயற்பியல்தான். இங்கே ஓர் உண்மையான உறவும் உண்டு: எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மக்லாக்லின், 1970-களில் சக்தி குழுவில், ஃப்ரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்த கிட்டாரை வாசித்தார். விரல் மரத்தில் உராயாமல் தந்தியை மட்டும் பிடிப்பதால் வளைப்பு இலகுவாகிறது. மால்ம்ஸ்டீனின் கிட்டாரிலும் அதே குழிவு உண்டு. முதல் கிட்டாரில் இதை முயல வேண்டாம்; கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும்.

ஐந்தாம் படி: ஒரே சுரம், மூன்று கார்டுகள்

ஏ மைனர், ஜி, எஃப் ஆகிய மூன்று கார்டுகளை, கார்டுக்கு ஒரு பார் (நான்கு அடி) வீதம் மெதுவாகச் சுழலவிட்டு ஒரு பேக்கிங் டிராக் செய்துகொள்ளுங்கள். ராக் இசையில் இந்தச் சுழற்சிக்கு வயதில்லை. லெட் செப்பலினின் 1971-ஆம் ஆண்டு 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் ஜிம்மி பேஜ் சோலோ வாசிப்பது இதன்மேல்தான். 'கம்ஃபர்டப்ளி நம்' இறுதி சோலோவின் பி மைனர், ஏ, ஜி என்னும் முதல் மூன்று கார்டுகளும் இதையே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளியவை.

இப்போது ஏ என்ற ஒரே சுரத்தை மூன்று கார்டுகளின் மேலும் நீட்டி வாசியுங்கள். ஏ மைனரின்மேல் அது வீட்டுக்கு வந்து உட்கார்ந்த சுரம். ஜி வந்தவுடன் அதே சுரம், விரல் சிறிதும் நகராமலே, கார்டுக்கு வெளியே தொங்கத் தொடங்குகிறது. எஃப் வந்ததும் அதுவே அந்தக் கார்டின் மூன்றாம் சுரமாகி இனிக்கிறது. அடுத்து சி சுரத்தை முயலுங்கள்: ஏ மைனரில் அது கார்டின் சாயலையே தீர்மானிக்கும் மூன்றாம் சுரம், ஜி-யின் மேல் அது நான்காம் சுரமாகி, கீழே உள்ள பி-க்கு இறங்கத் துடிக்கிறது, எஃபில் ஐந்தாம் சுரமாக உறுதியாக நிற்கிறது. ஈ சுரத்தை எஃப் கார்டின்மேல் நிறுத்தினால் ஏக்கம் கலந்த ஓர் உரசல் கேட்கும். கேட்பவரின் மனம் அசைவது விரல் அசைந்ததனால் மட்டும் அன்று, தரை நகர்ந்ததனாலும்தான். இதை ஒரு வாரம் செய்தால், எந்தச் சுரத்தை எந்தக் கார்டு வரும்வரை தாமதிக்கலாம் என்ற கணக்கு மனத்தில் உருவாகும்.

பேஜ் அந்தச் சோலோவைப் பெரும்பாலும் ஏ மைனர் பென்டடோனிக்கில் வாசிக்கிறார். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஐந்து சுரங்கள் சுத்த தன்யாசி என்று சொன்னால் உடனே விளங்கும். அந்த ஸ்கேலில் எஃப் சுரம் இல்லை. ஆனால் எஃப் கார்டு வரும்போது பேஜ் அந்த எஃப் சுரத்தைச் சேர்த்துக்கொள்கிறார், அதாவது சுத்த தன்யாசிக்குள் ஒரு சுத்த தைவதம் வந்து போகிறது. பென்டடோனிக் பெட்டிக்குள்ளேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் சோலோக்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதில் அந்த ஒரு சுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் டிராக்கிலும் இதையே செய்து பாருங்கள்: எஃப் கார்டு வரும்வரை அந்தச் சுரத்தைத் தொடாதீர்கள், வந்தவுடன் அதில் இறங்குங்கள்.

ஆறாம் படி: வேகத்தை எங்கே செலவழிப்பது

கணக்கு முதலில். நிமிடத்துக்கு 120 அடியில் பதினாறாம் சுரங்கள் என்றால் வினாடிக்கு 8 சுரம். 180 அடியில் 12. அந்த வேகத்தில் காது ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக எடைபோடுவதில்லை. தொடங்கிய இடம், போன திசை, முடிந்த இடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோடாகக் கேட்கிறது. ஆகவே வேகமான ஓட்டத்தில் நடுவே உள்ள சுரங்களைவிட அது போய் விழும் சுரமே பேசுகிறது. விழ இடமில்லாத ஓட்டம்தான் 'சர்க்கஸ்' என்று ஏசப்படுகிறது, அந்த ஏச்சு பல நேரம் நியாயமானதும்கூட.

இதனால் ஓட்டத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். ஐந்தாவது பாரின் முதல் அடியில் ஈ சுரம் வளைத்து நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அந்தச் சுரத்தை மட்டும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பின் அதற்கு முன்னால் நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரு பதிவு, எட்டுச் சேர்த்து ஒன்று, பதினாறு சேர்த்து ஒன்று. நான்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சில பாட்டுகளில் நான்கு சுரமே போதும் என்று தோன்றும். சிலவற்றில் பதினாறும் வந்தால்தான் அந்த ஈ சுரம் வெடிப்பதாக இருக்கும். அப்போது வேகம் தன் வேலையைச் செய்கிறது: அணை நிரம்புவதுபோல் அழுத்தத்தைச் சேர்த்து, நீண்ட சுரத்தில் திறந்துவிடுகிறது.

ஓட்டத்தின் நிறத்தையும் கவனியுங்கள். 1984-இன் 'ரைஸிங் ஃபோர்ஸ்' இசைத்தட்டில் மால்ம்ஸ்டீன் மெட்டலுக்குள் கொண்டுவந்த ஹார்மோனிக் மைனர் ஸ்கேல், நாம் கீரவாணி என்று அறிந்த அதே ஏழு சுரங்கள். ஏ-யை ஆதாரமாகக் கொண்டால் அதில் ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப் வரும். ஜி கார்டு ஒலிக்கும் பாரில் அதை ஓட்டினால் இரண்டும் மோதும். ஈ மேஜர் கார்டு வரும் பாருக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

வேகத்தைக் கட்டும் முறையில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிழையின்றி ஐந்து முறை வந்தால் மெட்ரோனோமை 4 அடி ஏற்றுங்கள், பிழை வந்தால் 8 அடி இறக்குங்கள். வாசிக்காத தந்திகளை வலக்கை உள்ளங்கையின் ஓரத்தாலும் இடக்கை ஆள்காட்டி விரலாலும் அடக்குங்கள். டிஸ்டார்ஷன் (ஒலிச்சிதைவு) ஏறிய ஆம்ப்பில் அடக்கப்படாத ஒரு தந்தி முழு ஓட்டத்தையும் சேறாக்கிவிடும். ஆனால் ஒரு விதியை மட்டும் வலியுறுத்துவேன்: உங்கள் உச்ச வேகம் 140 என்றால், சோலோவில் 120-க்கு மேல் எழுதாதீர்கள். உச்சத்தில் வாசிக்கும்போது மனம் முழுவதும் விழாமல் இருப்பதிலேயே செலவாகி, ஒரு சுரத்தைச் சற்றே பின்தள்ளி வைக்கவோ பிக்கை மென்மையாக்கவோ மிச்சம் எதுவும் இருப்பதில்லை. உணர்ச்சிக்காகத் திறனைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைவிட, எழுதுவதைக் காட்டிலும் சற்று அதிகமான திறனைக் கையிருப்பில் வைத்துக்கொள்வதே பயன் தரும்.

ஏழாம் படி: பதினாறு பார்களை எழுதி முடியுங்கள்

இதுவரை பழகியவற்றைப் பதினாறு பார்களுக்குள் கொண்டுவாருங்கள். நான் வழக்கமாக முதல் நான்கு பாரில் பாடிக் கண்டெடுத்த தொடரை வைத்து, அதையே சிறு மாற்றத்தோடு மறுபடி சொல்வேன்; கேட்பவர் ஒன்றை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அதிலிருந்து விலகிச் செல்வதற்குப் பொருள் உண்டு. நடுவில் குறைந்தது ஒரு முழுப் பார் மௌனம். உச்சச் சுரம் ஒரே ஒரு முறை, பன்னிரண்டாவது பாருக்கு முன்னால் வராமல். ஓட்டம் இருந்தால் அது அந்த உச்சத்துக்கு இட்டுச் செல்லட்டும். கடைசிப் பாரைப் பாடகரிடம் ஒப்படைக்கும் இடமாக வைத்திருங்கள். பாட்டு திரும்ப வரும் சுரத்திலேயே முடித்தால் பாடகர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

ஆம்ப்பைப் பற்றி ஒரே வார்த்தை: டிஸ்டார்ஷனை நீங்கள் விரும்பும் அளவிலிருந்து கால் பங்கு குறையுங்கள். மிகையான டிஸ்டார்ஷன் மெல்லிய தட்டலையும் வலிய தட்டலையும் ஒரே உரத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், பிக்கின் அழுத்தத்தால் நீங்கள் சொல்ல நினைப்பது ஒலிபெருக்கியை எட்டுவதே இல்லை.

பதிவு செய்யும்போது எல்லாம் ஒரே மூச்சில் வந்தால்தான் உண்மையான உணர்ச்சி என்ற மூடநம்பிக்கையை விட்டுவிடுங்கள். 'கம்ஃபர்டப்ளி நம்' சோலோவுக்காகக் கில்மோர் ஐந்தாறு டேக்குகளை (பதிவு முயற்சிகளை) வாசித்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களை ஒரு தாளில் பாருக்குப் பார் குறித்து, பின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலவையில் மாறி மாறிச் சென்று இறுதி வடிவத்தைத் தொகுத்தார். உணர்ச்சியின் உச்சம் என்று உலகம் கொண்டாடும் அது ஒரு கவனமான எடிட்டிங் வேலை. பேஜ் 'ஸ்டேர்வே' சோலோவுக்கு மூன்று டேக் வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் ஆறு டேக் வாசியுங்கள். முதல் இரண்டில் எழுதியதை எழுதியபடி வாசித்து, அடுத்த இரண்டில் தொடர்களின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைப்போக்கில் விடுங்கள். கடைசி இரண்டில் தாளையே பார்க்காதீர்கள். ஆறையும் பாருக்குப் பார் ஒப்பிட்டுத் தொகுத்தபின், தொகுத்த வடிவத்தை ஒரே சோலோவாக மறுபடியும் கற்றுக்கொள்ளுங்கள். மேடையில் வாசிக்க வேண்டியது அதுதான்.

எட்டாம் படி: ஏழு நாள் கழித்துக் கேளுங்கள்

பதிவை ஒரு வாரம் தொடாதீர்கள். பின்னர் கிட்டார் இல்லாத அறையில், கையில் ஒரு பேனாவோடு ஒரே ஒரு முறை கேட்டு, கவனம் எங்கே சிதறியது என்று பாரின் எண்ணை மட்டும் எழுதுங்கள். வாசிக்காத நண்பர் ஒருவரையும் அவ்வாறே கேட்கச் செய்யுங்கள். கிட்டார் வாசிப்பவரிடம் கேட்டால் அவர் உங்கள் விரல்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். இரண்டு தாளிலும் ஒரே எண் இருந்தால் அந்தப் பாரை எடுத்துவிட்டு, அங்கே மௌனத்தையோ முந்திய சுரத்தின் நீட்சியையோ வைத்துப் பாருங்கள்.

என் முதல் பதினாறு பார் சோலோவில் இரண்டு தாளிலும் இருந்த எண் ஒன்பது. அங்கே ஐந்து தந்திகளில் ஏறி இறங்கும் ஒரு ஸ்வீப் பிக்கிங் (பிக்கை ஒரே வீச்சில் தந்திகளின் குறுக்கே இழுக்கும் முறை) இருந்தது. அதைப் பழக எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது, அதனால்தான் அது அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு எட்டாவது பாரின் வளைத்த சுரத்தையே ஒன்பதிலும் நீட்டினேன். கீழே எஃப் கார்டு வந்தது.